ஒன்பதாவது பல்

போன ஆயுத பூஜை விடுமுறையில் என் மகன் தன் காரின் டைமிங் பெல்ட்டைத் தானே மாற்றினான். பருத்திப்பட்டில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், செல்போனைத் தூணில் சாய்த்து வைத்து, அதில் யாரோ செய்து காட்டுவதைப் பார்த்துப் பார்த்துச் செய்தான். அவனிடம் இருந்த ஸ்பேனர்கள் பன்னிரண்டு. கழற்றிப் போட்ட போல்ட்டுகள் பத்தொன்பது. நான் எண்ணினேன், அவன் எண்ணவில்லை. பெல்ட் ஓடும் இரண்டு பல்சக்கரங்களிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒவ்வொரு புள்ளி வைத்துவிட்டு அவன் தண்ணீர் குடிக்கப் போனான். நான் குனிந்து, புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே எத்தனை பல் இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வந்தது. மூன்றாவது தடவை எண்ணும்போது அவன் திரும்பி வந்துவிட்டான்.

"அப்பா, அதத் தொடாதீங்க. மேல போய் உக்காருங்களேன்."

போனேன். முப்பத்தெட்டுப் படிகள். லிஃப்ட் இருக்கிறது; ஆனால் எனக்குப் படிதான் பழக்கம், எண்ணிக்கொண்டே ஏறலாம். ஒருவேளை நாற்பதோ என்று சந்தேகம் வந்து மறுபடி இறங்கி ஏறியதும் உண்டு. மகன் சொன்னது எனக்கு வருத்தமாக இல்லை. 'தொடாதே' என்ற அந்த ஒரு சொல்லை ஐம்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் யாராவது என்னிடம் சொல்லியிருக்கலாம்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். வரிசைக்கு எட்டு வீடு, எங்களுடையது ஐந்தாவது. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் பரிசோதகர் வேலை. மற்றவர்கள் செய்து அனுப்பும் உருப்படிகளை அவர் அளந்து பார்ப்பார். சரியாக இருந்தால் சின்னதாக ஒரு முத்திரை, தலைமுடி அளவு பிசகினாலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. சிவப்புக் கோடு விழுந்தால் அது குப்பைக்குத்தான். வீட்டிலும் அவர் பார்வை அப்படியே இருந்தது. என் கணக்கு நோட்டைப் பார்க்கும்போது அவர் கை பெயிண்ட் டப்பாவைத் தேடுவதுபோல எனக்குத் தோன்றும். என்னை அடித்ததில்லை. அடித்திருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

அம்மாவுக்கு ஒரே தம்பி. திருவேற்காட்டில் இருந்தார். எட்டு வருஷம் அடுத்தவர்கள் காரை ஓட்டிவிட்டு, கடைசியில் ஒரு பழைய கருப்புக் காரைச் சொந்தமாக வாங்கினார். அதைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திய அன்று, அம்மா மற்ற ஏழு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் காரின் முன்பக்கத்தில், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம். பூந்தமல்லியில் மாமாவுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் கேட்டுவிட்டு, டைமிங் செயின் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார். அந்தக் காலத்துக் காரில் பெல்ட் கிடையாது, சங்கிலிதான். எஞ்சினுக்குள் கீழே ஒரு சின்னப் பல்சக்கரம், மேலே ஒரு பெரிய பல்சக்கரம். இரண்டையும் அந்தச் சங்கிலி சேர்த்துச் சுற்ற வைக்கும். மேல் சக்கரமும் கீழ்ச் சக்கரமும் எப்போதும் ஒன்றுக்கொன்று சரியான நிலையில் நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளிப் போனாலும் எஞ்சின் தப்பான நேரத்தில் மூச்சுவிடும்.

மாமாவுக்குப் பூந்தமல்லி மெக்கானிக்கிடம் கொடுக்கத்தான் ஆசை. அம்மா விடவில்லை.

"ஊட்ல இன்ஸ்பெக்டர வெச்சிக்கினு வெளில போய் நிப்பியா? அவரு கையில அளவு தப்புனதா யாராச்சும் சொல்லிகீறாங்களா?"

"அதுக்கில்லக்கா. மாமா அளந்து பாக்குறவரு. கயட்டி மாட்றது வேற வேலை."

"போடா. கயட்டத் தெரியாமத்தான் அவ்ளோ பெரிய ஃபேக்டரில வெச்சிகீறாங்களா?"

அப்பா அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்துபோய், காரின் மூடியைத் திறந்து அரைமணி நேரம் பார்த்தார். அம்மாவின் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது என்பது அவர் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. ஆயுத பூஜைக்கும் விஜயதசமிக்கும் தொழிற்சாலை விடுமுறை. அதற்குள் முடித்துவிடலாம் என்றார்.

மாமாவுக்கு ஒரே கவலைதான். அம்பத்தூரில் ஒரு டாக்டரம்மா பிரசவம் பார்க்க ஊர் ஊராகப் போவார். தினமும் கார் வேண்டும். மாமாவை வரச் சொல்லியிருந்தார்.

"விஜயதசமி அன்னிக்குக் காலீல பத்து மணிக்கு அந்தம்மா வாசல்ல வண்டி நிக்கணும் மாமா. அன்னிக்கு நின்னா தெனம் நிக்கும். நிக்கலன்னா நான் மறுபடி எவனோ ஒர்த்தன் வண்டிக்கு டிரைவருதான்."

"நிக்கும் மச்சான்" என்றார் அப்பா.

பூஜைக்கு முதல்நாள் மத்தியானம் வேலை ஆரம்பித்தது. வாசல் வேப்பமரத்தடியில் கோணிப்பை விரித்து, ரேடியேட்டரை இறக்கி வைத்தார்கள். முன்பக்கத்துப் பெரிய நட்டு அசையவே இல்லை. ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி மாமா அதன்மேல் ஏறி நின்றார். இரண்டு முறை வழுக்கி விழுந்தார். மூன்றாம் முறை நட்டு அசைந்து கொடுத்தது. சங்கிலியை மறைத்திருந்த மூடியைக் கழற்றியபோது அப்பாவின் முகம் சுருங்கியது. மேல் சக்கரம் காரோடு வந்தது அல்ல; முன்னால் யாரோ வேறொன்றைக் கடைந்து போட்டிருந்தார்கள். சக்கரங்களை நேர் பார்க்க வழக்கமாகக் கொத்தியிருக்கும் அடையாளப் புள்ளி அதில் இல்லை. அப்பா எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றி, சரியான நிலையில் நிறுத்தி, வெள்ளைப் பெயிண்டைத் தீக்குச்சியால் தொட்டு, மேல் சக்கரத்தின் ஒரு பல்லிலும் கீழ்ச் சக்கரத்தின் ஒரு பல்லிலும் புள்ளி வைத்தார். பெயிண்ட் டப்பாவின் மூடியைச் சுத்தியலால் தட்டி மூடினார். பிறகுதான் மேல் சக்கரத்தைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். மேல் சக்கரத்தில் நாற்பத்துநான்கு பல். அதன் நடுத்துளையின் ஓரத்தில் ஒரு சின்னக் குழி. குழிக்கு நேரே இருந்த பல்லிலிருந்து, வெள்ளைப் புள்ளி வைத்த பல் ஒன்பதாவது. யாரும் என்னை எண்ணச் சொல்லவில்லை.

மாமா புதுப்பேட்டைக்குப் போய்ப் புதுச் சங்கிலியோடு திரும்பியபோது இருட்டிவிட்டது. மறுநாள் காலையில் அப்பா தொழிற்சாலைப் பூஜைக்குப் போக வேண்டும். அங்கே அவர் பிரிவின் அளவுகருவிகளுக்கு அவர்தான் பொட்டு வைப்பார். பத்தரைக்கு மேல் வீட்டில் பூஜை. பூஜையில் வைத்த ஆயுதங்களை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. என் புத்தகங்களுக்கும் அதே விதி என்பதால் எனக்கு அந்த விதியில் ஆட்சேபம் இல்லை. ஆக, விஜயதசமி விடிந்ததும் மாட்டிவிட வேண்டியது என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை அப்பா கிளம்பும்போது, "ஸ்பேனரையெல்லாம் நல்லா தொடைச்சி வைடா" என்றார். ஸ்பேனர்கள் பதினான்கு. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் பதினான்கையும் துடைத்தேன். சுத்தியல், குறடு, திருப்புளி எல்லாம் துடைத்தேன். தாம்பாளத்தில் அந்தச் சக்கரம் மட்டும் கருப்பாக, எண்ணெய் வடிந்துகொண்டு அசிங்கமாக இருந்தது. பூஜைக்கு வைக்கிற பொருள் அப்படி இருக்கலாமா என்று அதையும் எடுத்துத் துடைத்தேன். பளபளவென்று ஆனதும் தூக்கிப் பார்த்தேன். வெள்ளைப் புள்ளி இல்லை.

பெயிண்ட் முந்தின நாள் எண்ணெய்ப் பிசுக்கின்மேல் வைத்தது, காய்ந்திருக்கவில்லை. துணியில் வெள்ளையாக ஒரு தீற்றல் இருந்தது. பெயிண்ட் டப்பாவை எடுத்து மூடியை நெம்பிப் பார்த்தேன்; அப்பா அடித்து மூடியது, என் கைக்குத் திறக்கவில்லை. உள்ளே அம்மா சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். மாமா ரேடியேட்டரைக் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தார். பூஜைத் தட்டில் சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் தயாராக இருந்தன.

ஒன்பது என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. குழிக்கு நேரே இருந்த பல்லில் விரலை வைத்து எண்ண ஆரம்பித்தபோதுதான், அந்தப் பல்லையே ஒன்று என்று எண்ணினேனா, அல்லது அடுத்த பல்லிலிருந்து ஒன்று என்று தொடங்கினேனா என்ற கேள்வி வந்தது. முந்தின நாள் எப்படி எண்ணினேன் என்று தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. கடைசியில் அந்தப் பல்லையே ஒன்று என்று வைத்துக்கொண்டு எண்ணி, ஒன்பதாவது பல்லில் குங்குமத்தை அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன். அம்மா எதற்கும் பொட்டு வைப்பவள். அப்பாவின் புள்ளிமேல் அம்மா பொட்டு வைத்துவிட்டாள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள் என்பது என் திட்டம். பதினொரு வயதுக்கு நல்ல திட்டம்தான். விரலை டிராயரில் துடைத்துக்கொண்டேன்.

அம்மா வந்து வரிசையாகப் பொட்டு வைத்தாள். ஸ்பேனர்கள் பதினான்கு, சுத்தியல், குறடு, அரிவாள்மணை, என் புத்தகங்கள் ஏழு. சக்கரத்துக்கு வந்தபோது அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு அதைத் தாண்டிப் போய்விட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கையி கால் கயுவிக்கினு வா, படைக்கணும்" என்றாள். அவ்வளவுதான்.

விஜயதசமி காலை ஆறு மணிக்கெல்லாம் அப்பா கோணிப்பையில் உட்கார்ந்துவிட்டார். சக்கரத்தைக் கையில் எடுத்ததும் சிரித்தார். அப்பா சிரிப்பது அபூர்வம்.

"பாத்தியா மச்சான், எம் புள்ளி மேலயே வெச்சிகீறா உங்கக்கா. அளவெடுத்த மாரி."

"தொடைச்சிட்டு ஒரு தபா பாத்துக்கலாமா மாமா?" என்றார் மாமா.

"பூஜைல வெச்ச பொட்டத் தொடைப்பாங்களா? நீ வேற, நல்ல நாளும் அதுவுமா."

மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை நம்பாதவர் அந்தப் பொட்டை நம்பினார். புதுச் சங்கிலி ஏறியது. மூடி, விசிறி, ரேடியேட்டர் எல்லாம் ஏறின. எட்டரை மணிக்கு மாமா சாவியைத் திருப்பினார். எஞ்சின் உடனே பிடிக்கவில்லை. இருமியது. அப்பா எதையோ கொஞ்சம் திருப்பி, இன்னொன்றைத் தளர்த்தி இறுக்கினார். ஒரு வழியாக ஓடத் தொடங்கியது. டப்பாக் கல் சத்தம் போயே போய்விட்டது. அம்மா வாசலுக்கு ஓடிவந்து பூசணிக்காய் சுற்றினாள். சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்தாள். "கொஞ்சம் வேகம் கம்மியா கீது மாமா" என்று மாமா இழுத்தார். புதுச் சங்கிலி, பழக வேண்டும் என்றார் அப்பா.

மாமா என்னையும் ஏறிக்கொள்ளச் சொன்னார். "வா நைனா, மொத சவாரி. நீ உக்காந்தா ராசி." நான் வரவில்லை என்றேன். வயிற்றுவலி என்றேன். அம்மாதான் பிடித்து ஏற்றினாள்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டாக்டரம்மா வீட்டு வாசலில் நின்றோம். வெள்ளைச் சேலை, கையில் கருப்புப் பை. "கரெக்டா வந்துட்டியேப்பா" என்று சொல்லிப் பின்னால் ஏறினார். மாமாவின் காது மடல் சிவந்துபோனது. நான் சாலையோரத்துத் தந்திக் கம்பங்களை எண்ணினேன். முப்பத்தொன்றாவது கம்பத்தில் எஞ்சின் வாசனை மாறியது. நாற்பதாவதில் முன்னால் ஆவி வந்தது. ரயில்வே கேட்டுக்கு ஏறும் மேட்டில் கார் நடை வேகத்துக்கு வந்து, இரண்டு முறை துப்பாக்கி வெடித்ததுபோல் சத்தம் போட்டு, நின்றுவிட்டது. பாதி வண்டி கேட்டுக்குள், பாதி வெளியே. கேட்காரர் மேலிருந்து கத்தினார்.

"யோவ் சாவுகிராக்கி, வண்டி வர்ற நேரம்யா! தள்ளுய்யா அந்த சவத்த!"

நாலு பேர் ஓடிவந்து பின்னுக்குத் தள்ளினார்கள். டாக்டரம்மாவும் இறங்கி ஓரமாக நின்றார். அவர் மாமாவைத் திட்டவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு பொண்ணு வலியில இருக்குப்பா, நான் ரிக்‌ஷால போயிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். மாமா கைகூப்பிக்கொண்டு நின்றார். ரிக்‌ஷா போய் வெகுநேரம் கழித்தும் கையை இறக்கவில்லை. மறுநாள் கம்பவுண்டர் சைக்கிளில் வந்து, டாக்டரம்மா வேறு காருக்குச் சொல்லிவிட்டார்கள் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரைக் கயிறு கட்டி இழுத்துவந்து, அதே வேப்பமரத்தடியில் அப்பா மறுபடி திறந்தார். அப்பா மண்ணெண்ணெய்த் துணியால் பொட்டை அழுத்தித் துடைத்தார். அடியில் வெள்ளை இல்லை. சக்கரத்தை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த பல்லின் இடுக்கில், தலைமுடி அளவுக்கு வெள்ளை ஒட்டியிருந்தது.

ஒரு பல்.

"யார் தொட்டது இத?" என்றார். சத்தமாகக் கேட்கவில்லை.

மாமா நிமிர்ந்தார். நான் வேப்பங்கொட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"நான்தான். பொட்டு வெக்கிறப்போ கருப்பா கீதேன்னு தொடைச்சேன். அப்பால ஒரு மதிப்பா வெச்சேன். அது இவ்ளோ பெரிய விஷயம்னு எனக்கு இன்னா தெரியும்?"

அப்பா சக்கரத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மாமா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பூந்தமல்லிக்காரன் கைல குடுக்கறேன்னேன். நீதானக்கா வோணாம்னே" என்றார். சற்று நேரம் கழித்து, "எம்மேல உனக்கு இன்னாக்கா கோவம்?" என்றார். அது கேள்வியாக இல்லை. அம்மா முறத்தை எடுத்து மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். மாமா உள்ளே எட்டிப்பார்த்து, "வர்றேன் மாமா" என்றார். அம்மாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

கார் சரியாகிவிட்டது. ஆனால் டாக்டரம்மா போனது போனதுதான். இரண்டு மாதத்தில் மாமா காரை விற்றுவிட்டு லாரி ஓட்டப் போனார்.

மாமா ஒவ்வொரு போகிக்கும் சைக்கிளில் பொங்கல் சீர் கொண்டுவருவார். புதுப்பானை, மஞ்சள் கொத்து, கேரியரில் கட்டிய இரண்டு கரும்பு. அந்த வருஷம் போகியன்று அம்மா காலையிலிருந்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், தானே பானையும் மஞ்சளும் இரண்டு கரும்பும் வாங்கினாள். வரிசையின் முதல் வீட்டு மாமி, "இன்னா, தம்பி வரலியா?" என்று கேட்டபோது, "லாரில போயிக்கினு கீறான் இல்ல, ஆள் மூலியமா அனுப்சான்" என்றாள். அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு போகியும் அப்படியே. எப்போதும் இரண்டு கரும்பு.

எனக்கு வேலை கிடைத்து முதல் ஸ்கூட்டர் வாங்கிய வருஷம், ஆயுத பூஜைக்கு அம்மா அதற்குப் பொட்டு வைத்தாள். மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு வைத்தாள். அது கொஞ்சம் காயட்டும் என்று காத்திருந்தாள். பிறகு அதன் நடுவே குங்குமம். விளக்கு, சக்கரம், கைப்பிடி என்று எல்லா இடத்திலும் முதலில் சந்தனம், அப்புறம் குங்குமம். வாழ்நாள் முழுக்க அவள் வேறு மாதிரி பொட்டு வைத்ததில்லை. என் கையில் இருந்த சாவி நழுவிக் கீழே விழுந்தது. நான் அந்தச் சக்கரத்தில் வைத்தது வெறும் குங்குமம். ஊரில் எவர் அளவையும் நம்பாத அப்பா அதைக் கவனிக்கவில்லை. தன் பொட்டு அல்ல என்று அம்மாவுக்கு மட்டும், பார்த்த கணத்திலேயே தெரிந்திருக்கும்.

அம்மா சாவியை எடுத்துக் கொடுத்தாள். "பாத்து ஓட்டு" என்றாள். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். திருவேற்காட்டுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. எத்தனை வருஷம் ஆகிவிட்டது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்; எண்ணிக்கை ஏற ஏறச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது.

மாமா வராத பொங்கல்கள் இருபத்து மூன்று. இருபத்து நான்காவதற்கு முன்னால் அம்மா போய்விட்டாள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை எடுத்துக்கொண்டு மாமா வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. சேலையை அவள்மேல் போர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு வார்த்த கூட அப்பால சொல்லலியேக்கா நீ" என்று அழுதார். நான் அவருக்கு எதிரேதான் நின்றேன். இரண்டடி இருக்கும்.

இப்போதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அம்மா 'நான்தான்' என்று சொன்னதும் எனக்கு என்ன தோன்றியது என்பதை நான் மறக்கவில்லை. சரி, எனக்குப் பிறகு, நான் பார்க்காத நேரத்தில் அம்மாவும் அதைத் துடைத்திருக்கிறாள், நான் சரியான பல்லில்தான் வைத்தேன், அம்மாதான் மாற்றி வைத்துவிட்டாள் என்று தோன்றியது. அப்பாடா என்று இருந்தது. ஏழு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவன் அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன். மூன்று முறை சோறு கேட்டு வாங்கினேன். மூன்று முறையும் அம்மாதான் போட்டாள்.